நாகரத்தினம்மாளின் பங்கு



இசைக் கலைஞர்களின் கொடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பை அழைப்பிதழில் பார்த்ததுமே உங்களில் பாதிப் பேர் எம்.எஸ். சுப்புலட்சுமியைத்தான் நினைத்திருப்பீர்கள். நினைப்பது நியாயம்தான். சுப்ரபாத இசைத்தட்டின் உரிமத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது, அது கலைக்கான பிரிவில் அல்ல, பொதுச்சேவைப் பிரிவில் கிடைத்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், நினைவுநிதி என்று யார் வந்து கேட்டாலும் பாடிக் கொடுத்தவர். ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், புத்தகங்களும் இருக்கின்றன. எனவே இன்றைக்கு அவருக்கு ஒரு தலைமுறை மூத்த இன்னொரு பாடகியை எடுத்துக்கொள்கிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள்.

இவருடைய கதையும் உங்களுக்குத் தெரியும். 'தன் நகைகளை விற்றுத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளுக்குச் சமாதிக் கோயில் கட்டினார்.' ஒரே வரி. ஆராதனைச் சமயத்தில் வானொலியிலும் பத்திரிகையிலும் ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் வரி. அதில் பொய் எதுவும் இல்லை. என்றாலும் அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். பக்தியில் கரைந்து, கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு அம்மாள் கண்முன் வருகிறார். நிஜமான நாகரத்தினம்மாள் ஓரமாக நிற்கிற ஆள் அல்ல. கொடுத்தார், கொடுத்த இடத்தில் தனக்கும் தன் இனத்துப் பெண்களுக்கும் உள்ள பங்கைக் கேட்டார், கொடுக்காதபோது எடுத்துக்கொண்டார், கடைசியில் அதைப் பத்திரத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். நகையை விற்ற கதையை விட இந்தக் கதை எனக்குப் பெரியதாகப் படுகிறது.

1878இல் மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாயார் புட்டலட்சுமி தேவதாசி மரபில் வந்தவர். சிறு வயதிலேயே சமஸ்கிருதம் படித்தார். கன்னடம், தெலுங்கு இரண்டும் நன்றாக வரும். சங்கீதத்தில் அவருக்கு வாய்த்த குரு முனுசாமப்பா. இவர் வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் சீடர். கிருஷ்ணசாமி பாகவதரின் தகப்பனார் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர், தியாகராஜரிடமே நேரில் பாடம் கேட்டவர். ஆக, நாகரத்தினம்மாள் தியாகராஜரை 'எங்கள் குரு' என்று சொன்னால் அது வெறும் பக்திப் பேச்சில்லை. சீடர் வரிசையில் விரல்விட்டு எண்ணிச் சொல்லக்கூடிய உறவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மைசூரிலும் பெங்களூரிலும் பெயர் வாங்கிய பிறகு சென்னைக்கு வந்தார். அன்றைய சென்னையில் வீணை தனம்மாள் இருந்தார், ரசிகர்கள் இருந்தார்கள், காசு இருந்தது. நாகரத்தினம்மாள் கச்சேரி செய்தார், கிராமபோன் தட்டுகள் கொடுத்தார், ஊர் ஊராகப் போனார், நன்றாகச் சம்பாதித்தார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் இசைக் கலைஞர் அவர்தான் என்று சொல்வார்கள். கொடையைப் பற்றிய பேச்சில் வரி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கொடுப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். அது தன் பெயரில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குடும்பப் பெண்ணுக்குச் சீதனத்தைத் தவிரப் பெரும்பாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. கணவன் சொத்து, பிள்ளை சொத்து, அதற்குள் அவளுக்குச் சோறும் துணியும். தேவதாசிக் குடும்பங்களில் அப்படியில்லை. பெண் சம்பாதிப்பாள், வைத்துக்கொள்வாள், மகளுக்குக் கொடுப்பாள், மகள் இல்லாவிட்டால் தத்து எடுப்பாள், கோயிலுக்கு எழுதி வைப்பாள்.

கோயிலுக்கு எழுதி வைத்தது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் புரட்டினால் விளக்குக்கு ஆடு கொடுத்த தேவரடியார், மண்டபம் எடுத்த தேவரடியார், நிலம் விட்ட தேவரடியார் வரிசையாக வருவார்கள். திருவாரூரில் முதலாம் இராசேந்திரனின் அணுக்கியாரான பரவை நங்கையார் கோயிலுக்குச் செய்த திருப்பணியும், பொன்னும் செம்புமாகக் கொடுத்த கொடையும் கல்லில் இருக்கின்றன. அந்தப் பெண்களின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிவதற்குக் காரணமே அவர்கள் கொடுத்ததுதான். கொடுத்தவள் பெயரை வெட்டினார்கள், வெட்டியதால் மிஞ்சியது. நாகரத்தினம்மாள் வந்தது இந்த மரபில்.

திருவையாற்றுக்குப் போவதற்கு முன்னால் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும். பேச்சு திசை மாறுகிறதே என்று நினைக்காதீர்கள். நேரே போகும் வழியே இதுதான்.

தஞ்சாவூரில் மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் முத்துப்பழனி என்று ஒரு கணிகை இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு. தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்று ஒரு சிருங்கார காவியம் எழுதினார். கண்ணன் இளையவளை மணந்துகொள்ள, ராதை ஊடல் கொள்ள, அவளைச் சமாதானப்படுத்துவதுதான் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது அச்சேறியது. அச்சேற்றியவர்கள் சில பாடல்களை எடுத்துவிட்டார்கள். முன்னுரைப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். அந்த முன்னுரைப் பகுதியில்தான் முத்துப்பழனி தன் தாயார் யார், பாட்டி யார், தன் குலம் எது என்று சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். பண்டிதர்களுக்குப் பொன்னும் பொருளும் கொடுத்துக் கௌரவித்த பெண் தன்னைப்போல் வேறு யார் இருக்கிறாள் என்று பெருமையாகக் கேட்டிருந்தார். ஒரு தேவதாசி, பதினெட்டாம் நூற்றாண்டில், நான் வாங்குகிறவள் அல்ல, கொடுக்கிறவள் என்று காவியத்தின் வாசலிலேயே எழுதி வைக்கிறாள். பதிப்பித்தவர்களுக்கு அது வேண்டாத பகுதியாகத் தோன்றிவிட்டது.

நாகரத்தினம்மாள் அச்சுப் பிரதியைப் பார்த்தார். சுவடியைத் தேடிப் பிடித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, 1910இல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு நிறுவனத்தின் மூலம் முழு நூலாகக் கொண்டுவந்தார். ஆந்திரத்தின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு இந்தக் காவியத்தை முன்பே திட்டியிருந்தார்; ஒரு பெண் இப்படியெல்லாம் எழுதலாமா என்று. நாகரத்தினம்மாள் தன் முன்னுரையில் அவரையே கேட்டார்: வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தான் இயற்கையா, ஆணுக்குக் கிடையாதா? ஆண் எழுதினால் சிருங்காரம், பெண் எழுதினால் ஆபாசமா? வீரேசலிங்கம் அன்றைக்கு எவ்வளவு பெரிய மனிதர் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் துணிச்சல் தெரியும்.

1911இல் அரசு நூலைத் தடை செய்தது. ஆபாசம் என்று காரணம். பிரதிகள் பறிமுதல் ஆயின. முப்பத்தாறு வருடம் அந்தத் தடை நீடித்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக த. பிரகாசம் இருந்தபோது, 1947இல்தான் நீங்கியது.

இந்தப் புத்தக விவகாரத்தில் நாகரத்தினம்மாளின் கைரேகை தெளிவாகத் தெரிகிறது. இன்னொருவர் செய்து வைத்ததைச் செப்பனிடுவார். செப்பனிடும்போது அதிலிருந்து துரத்தப்பட்ட பெண்ணைத் திரும்ப உள்ளே கொண்டுவருவார். பத்து வருடம் கழித்துத் திருவையாற்றில் செய்ததும் இதையேதான்.

தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கியிருந்ததால் தகனம் இல்லை. காவிரிக் கரையில் சமாதி. சின்னதாக ஒரு பிருந்தாவனம். சீடர்கள் அவரவர் ஊரில் அவரவர் வீட்டில் திதி கொடுத்தார்கள். சமாதியை யாரும் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீரமைத்தார்கள். அதன் பிறகு ஆராதனை ஒரு விழாவாக வளர்ந்தது. விழா வளர்ந்ததும் கட்சி பிறந்தது. நம் ஊரில் அது விதி. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு. ஒருவர் நடத்தும் விழாவுக்கு மற்றவர் போக மாட்டார். வித்துவான்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். கச்சேரிக்கும் சாப்பாட்டுக்கும் வசூல் இரண்டு தரப்பிலும் அமோகம். சமாதிதான் பழையபடி புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், எந்தக் கட்சி கட்டுவது என்று ஒரு சண்டை நடந்திருக்கும்.

1921இல் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாறு போனார். மைசூரின் பெரிய வித்துவான், நாகரத்தினம்மாளுக்கும் குருஸ்தானத்தில் இருந்தவர். சமாதியின் நிலையைப் பார்த்து மனம் நொந்து சென்னையிலிருந்த நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் எழுதினார். கனவில் தியாகராஜர் வந்து உத்தரவிட்டார் என்ற கதையும் உண்டு. கனவு வந்திருக்கலாம், எனக்கு அந்தக் கடிதமே போதும்.

அம்மாள் புறப்பட்டுப் போனார். போனதும் கும்பிட்டுவிட்டு உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பவில்லை. முதலில் நிலத்தைப் பார்த்தார். யாருடைய நிலம் என்று விசாரித்தார். சமாதியைச் சுற்றிய இடத்தை விலை கொடுத்து வாங்கினார். முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தார். அதே 1921இல் கடைக்கால் போட்டார். தியாகராஜருக்குச் சிலை செய்வித்தார். 1925இல் கும்பாபிஷேகம் நடந்தது. கட்டிட வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த நான்கு வருடம் என்றால் என்ன என்று. கொத்தனார் கேட்பது, ஸ்தபதி கேட்பது, செங்கல் வருவது, வராமல் இருப்பது, காவிரியில் தண்ணீர் வந்தால் வேலை நிற்பது. செலவு பெரும்பாலும் அவருடையது. நகை போனது, சேமிப்பு போனது. கச்சேரிப் பணம் வரவர அப்படியே திருவையாற்றுக்குப் போனது.

மக்கள் வரவேற்றார்கள். கட்சிக்காரர்களும் வந்து அந்த மண்டபத்தில் விழா நடத்தினார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இப்போது ஒரு நல்ல கட்டிடம் இருக்கிறது, சௌகரியம்தானே!

ஆனால் கட்டியவர் அங்கே பாட முடியாது.

ஆராதனையில் சமாதிக்கு முன்னால் பெண்கள் பாடுவது வழக்கமில்லை. அதிலும் தேவதாசிகள் பாடுவது அறவே கிடையாது. நாகரத்தினம்மாள் கேட்டுப் பார்த்தார். மறுத்தார்கள். நிலம் வாங்கலாம், கல் வைக்கலாம், சிலை செய்யலாம், அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். வாயைத் திறந்து, தன் குருவின் குருவுடைய தகப்பனாருக்குக் குருவாக விளங்கியவருடைய ஒரு கிருதியை அவருக்கு முன்னால் பாடக் கூடாது. சீடர் வரிசையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். அன்றைக்கு அந்த மேடையில் பாடியவர்கள் எத்தனை பேருக்கு அவ்வளவு நேரான பாட்டு உறவு இருந்தது என்று கேட்டால், பலருக்குத் தலை சொறிய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு 'நல்ல' கொடையாளி என்ன செய்வார்? இறைவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். அல்லது கோபித்துக்கொண்டு கையை விரித்துவிடுவார். நாகரத்தினம்மாள் இரண்டையும் செய்யவில்லை. 1927இல் அதே இடத்தில், சமாதியின் பின்புறத்தில், பெண்களுக்கென்று தனி ஆராதனை தொடங்கினார். முன்புறம் ஆண்கள், பின்புறம் பெண்கள். சென்னையிலிருந்தும் தஞ்சை வட்டாரத்திலிருந்தும் தேவதாசிப் பாடகிகள் திரண்டு வந்தார்கள். பெரிய கட்சி, சின்னக் கட்சியோடு மூன்றாவதாகப் பெண்கள் கட்சி. அவர்களைக் கிளம்பச் சொல்ல யாராலும் முடியாது; நிலம் வாங்கியவரே அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். பத்திரம் பதிவு செய்து வாங்கியதன் அருமை அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

எனக்கு இந்தக் காட்சியில் ஒரு சின்ன ஆனந்தம் உண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய வித்துவான் ஆலாபனை செய்கிறார். பின்னாலிருந்து நாற்பது பெண்களின் குரல் வருகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் காதில் விழாமலா இருந்திருக்கும்?

இதே 1927இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். சென்னை மாகாணத்துத் தேவதாசிகள் அதை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்கள். நாகரத்தினம்மாள் அதற்குத் தலைவர். இன்று நின்று பார்க்கும்போது அந்த நிலைப்பாடு நமக்குச் சிக்கலாகத் தெரிகிறது. முத்துலட்சுமி ரெட்டியும் தேவதாசித் தாய்க்குப் பிறந்தவர்; பொட்டுக்கட்டுதல் சிறுமிகளுக்கு இழைத்த கொடுமையைக் கண்ணால் பார்த்துப் பேசியவர். நான் இந்த விஷயத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம்தான். ஆனால் நாகரத்தினம்மாளின் பயமும் வெறும் பயமில்லை. சொத்துரிமை, படிப்பு, பாட்டு, ஆட்டம், தானம் செய்யும் தகுதி எல்லாம் அவர்களிடம் இருந்தன; அத்தனையையும் 'இழிவு' என்ற ஒரே மூட்டையில் கட்டி ஆற்றில் விட்டுவிடுவார்களோ என்ற பயம். சட்டம் கடைசியில் 1947இல் வந்தது. ராதிகா சாந்த்வனத்தின் தடை நீங்கியதும் அதே வருடம். ஒரு பெண்ணின் ஆயுளில் ஒரே ஆண்டில் இப்படி ஒரு வரவும் ஒரு செலவும்.

திருவையாற்றுக் கட்சிகள் ஒன்றுசேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குள் போனால் இரவாகிவிடும். எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி நடுவில் நின்று பேசினார். 1940இல் சமரசம் ஆயிற்று. தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவாயிற்று. 1941 ஆராதனையை எல்லோரும் சேர்ந்து நடத்தினார்கள்; எல்லோரும் என்றால் இம்முறை பெண்களும். ஆண் கட்சிகள் இரண்டும் ஒன்றானதைப் பெரிய சாதனையாக எழுதுவார்கள். பதினாலு வருடம் பின்புறத்தில் விடாமல் பாடிக்கொண்டிருந்த மூன்றாவது கட்சி இல்லாவிட்டால், அந்த ஒற்றுமையில் பெண்களுக்கு இடம் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசிக் காலத்தில் அம்மாள் சென்னை வீட்டையும் விற்றுவிட்டுத் திருவையாற்றிலேயே வந்து தங்கிவிட்டார். பெரிய சம்பாத்தியம் செய்தவர், எளிமையாக இருந்தார். 'தியாகசேவாசக்தா' என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1949 ஜனவரியில் உயில் எழுதினார்.

உயில் என்றால் உடனே நமக்கு அலுப்பு வந்துவிடுகிறது. வக்கீல் பாஷை, சர்வே எண். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஒரே காகிதத்தில் பார்க்க வேண்டுமானால் அதுதான். சொத்துகளை அறக்கட்டளையாக்கினார். சமாதியின் பூஜையும் பராமரிப்பும் நடக்க வழி செய்தார். அதோடு நிபந்தனையும் வைத்தார். பெண்களும், பாட்டும் ஆட்டமும் மரபாகக் கொண்ட தேவதாசிகளும், அந்தச் சந்நிதியில் வழிபடவும் விழாவில் கலந்துகொண்டு தங்கள் கலையைச் செய்யவும் உரிமை இருக்க வேண்டும் என்று எழுதினார். 1941இல் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்கு எழுத வேண்டும்? சமரசத்தில் கிடைத்தது இன்னொரு சமரசத்தில் போய்விடலாம் என்று அவருக்குத் தெரியும். சபைகள் மாறும், செயலாளர்கள் மாறுவார்கள், 'அந்தக் காலத்து வழக்கம்' என்று ஒன்று திடீரென்று திரும்பி வரும். எழுத்தில் இருந்தால் வாதாடலாம்.

தியாகராஜர் அரசரிடம் பொருள் வாங்க மறுத்தவர் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. சரபோஜி மன்னர் அழைத்தும் போகவில்லை, உஞ்சவிருத்தி எடுத்தே வாழ்ந்தார் என்பார்கள். வாங்க மாட்டேன் என்றவருக்குக் கொடுத்துத்தான் தீருவேன் என்று ஒருவர் வந்திருக்கிறார்! அரசர் கொடுத்திருந்தால் அவருடைய அவைக்கு ஒரு வித்துவான் கிடைத்திருப்பார். நாகரத்தினம்மாள் கொடுத்ததற்குக் கேட்ட கைம்மாறு, வாசலில் உட்கார்ந்து பாட ஓர் இடம். அதையும் தனக்கு மட்டும் கேட்கவில்லை.

1952 மே மாதம் காலமானார். சமாதியின் பக்கத்திலேயே அவருக்கும் நினைவிடம் அமைந்தது. திருவையாறு போகிறவர்கள் பார்த்திருக்கலாம். தியாகராஜர் சந்நிதியை நோக்கிக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை. ஆராதனைப் பந்தலின் நெரிசலில் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பஞ்சரத்தினம் பாடும் காலையில் நாட்டை தொடங்கி ஸ்ரீ ராகம் முடியும்வரை தொலைக்காட்சிக் கேமரா எல்லா முகத்துக்கும் போகும். அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம்.

இந்த அவையில் சபா நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இசைக் கல்லூரி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தியாகராஜரின் சீடர் பரம்பரையை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கிறோம். வாலாஜாபேட்டை வழி, உமையாள்புரம் வழி, தில்லைஸ்தானம் வழி என்று தேர்வில் கேட்கிறோம். அந்தப் பாடத்தோடு நாகரத்தினம்மாளின் 1910 முன்னுரையையும் 1949 உயிலையும் தமிழில் அச்சிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். முப்பது நாற்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். செலவு அதிகம் ஆகாது. ஆனாலும் யாராவது பணம் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் சொன்னார். முத்துலட்சுமி ரெட்டி விஷயத்தில் எனக்கு மறுப்புச் சொல்ல மூன்றாவது வரிசையில் ஒருவர் தயாராக இருப்பது தெரிகிறது. அவரிடமிருந்தே தொடங்கலாம்.